நீச்சல் குளத்து மணல் சல்லடை அல்ல

நீச்சல் குளம் பராமரிப்பவர்கள் இலையைப் பற்றியோ முடியைப் பற்றியோ அதிகம் அலுத்துக்கொள்வதில்லை. அவை ஸ்கிம்மர் கூடையிலும், பம்ப்புக்கு முன்னால் இருக்கும் கூடையிலும் சிக்கிவிடும். அவர்களைப் படுத்தி எடுப்பது தரையில் படியும் நுண்தூசு. காலையில் குளத்தின் அடியில் பழுப்பாக ஒரு படலம் கிடக்கும். பிரஷ் பட்டதும் புகையாக எழும். வேக்யூம் குழாயை வைத்து உறிஞ்சினால் ஃபில்டருக்குள் போகும். சற்று நேரத்தில், சுத்தமான நீர் திரும்பி வரவேண்டிய சுவர்த் துளையிலிருந்து அதே பழுப்பு மெல்லியதாக வெளியே வரும். மறுநாள் காலை மறுபடியும் தரையில் கிடக்கும். பம்ப் ஓடுகிறது, மணல் புதிது, வால்வில் கசிவு இல்லை. இருந்தும் தூசு ஏன் நிற்பதில்லை?

ஃபில்டர் மணலின் ஒரு துகள் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர், அதாவது 500 மைக்ரான். மூன்று உருண்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால், நடுவில் உள்ள இடுக்கு வழியாக அந்த உருண்டையின் விட்டத்தில் சுமார் ஆறரையில் ஒரு பங்குள்ள பொருள் நுழைந்துவிடும். எளிய வடிவியல் கணக்கு இது. நம் மணலுக்கு அந்த இடுக்கு 77 மைக்ரான். ஆனால் களிமண் துகள்கள் 2 மைக்ரானுக்கும் குறைவு. குளோரினில் செத்த பாசியின் செல்கள் பெரும்பாலும் சில மைக்ரான்களே. இவற்றுக்கு மணல் படுகை என்பது அகலத் திறந்த வாசல்.

அப்படியானால் மணல் ஃபில்டர் எதையும் பிடிக்கக் கூடாது. ஆனால் பிடிக்கிறது. நன்றாக ஓடும் ஒரு மணல் ஃபில்டர் 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களை நிறுத்துகிறது. பக்குவம் தெரிந்தவர் கையில் 5 மைக்ரான் துகள்கூடத் தப்புவதில்லை. 77 மைக்ரான் இடுக்கு 5 மைக்ரான் தூசை எப்படி நிறுத்துகிறது என்ற கேள்விக்குள்தான் இந்தத் தொழிலின் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

ஒட்டவைப்பதுதான் அந்தச் சூட்சுமம். மணல் சல்லடையாக வேலை செய்வது கொஞ்சம்தான். பெரும்பகுதி வேலை, துகள் மணலின் மேற்பரப்பைத் தொடுவதும் தொட்ட இடத்தில் தங்கிவிடுவதுமாக நடக்கிறது. ஒரு மீட்டர் ஆழ மணல் படுகையில் நீர் நேராக இறங்குவதில்லை. ஆயிரக்கணக்கான மணல் துகள்களை வளைந்து வளைந்து சுற்றி வருகிறது. அந்தப் பயணத்தில் சற்றுப் பெரிய துகள்கள் தம் எடையால் விலகி மணலின் மேல் அமர்கின்றன; சில, நீரோட்டத்தோடு போகும்போதே மணலை உரசுகின்றன. மிக நுண்ணியவை நீர் மூலக்கூறுகளின் இடைவிடாத மோதலால் இங்குமங்கும் தள்ளாடி மணலில் இடிக்கின்றன. 1971-இல் யாவ், ஹபிபியன், ஓமெலியா ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு இந்த மூன்று வழிகளையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது. அதில் எவரும் எதிர்பாராத ஒரு முடிவு கிடைத்தது. துகள் சிறியதாக ஆக ஆகப் பிடிப்பது கடினமாகிக்கொண்டே போவதில்லை. மிகக் கடினமானது 1 மைக்ரானை ஒட்டிய அளவு. அதைவிடப் பெரியது எடையால் சிக்கும், அதைவிடச் சிறியது தள்ளாட்டத்தால் சிக்கும். நடுவில் இருப்பது இரண்டுக்கும் அகப்படாமல் நீரோடு நழுவிவிடும். நீச்சல் குளத்தைப் பால் கலந்ததுபோல் மங்கச் செய்யும் துகள்களில் பல, இந்த அளவை ஒட்டியவை.

தொட்டால் மட்டும் போதாது, ஒட்டவும் வேண்டும். அங்கேதான் சிக்கல். களிமண், பாசி, தோல் துணுக்கு என நீரில் மிதக்கும் நுண்துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. மணலின் மேற்பரப்பும் அப்படியே. ஒரே மின்னேற்றம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும். துகள் மணலை நெருங்கி, விலக்கப்பட்டு, அடுத்த இடுக்கில் போய்விடுகிறது. துகளும் துகளும்கூட இதே காரணத்தால் ஒன்றுசேர்வதில்லை.

சேராததால் அவை தாமாகக் கீழே படிவதும் இல்லை. நீரில் விழும் உருண்டையின் வேகத்துக்கு ஜார்ஜ் கேப்ரியேல் ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். அசையாத நீரில் ஒன்றரை மீட்டர் ஆழம் இறங்க, 10 மைக்ரான் மண் துகளுக்கு சுமார் நாலரை மணி நேரம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு 19 நாள். 0.1 மைக்ரான் துகளுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு மேல். அளவு பத்தில் ஒன்றானால் வேகம் நூற்றில் ஒன்றாகிவிடுகிறது. குளத்திலோ பம்ப் ஓடுகிறது, பிள்ளைகள் குதிக்கிறார்கள். ஆகவே ‘நாளைக்குத் தானாகத் தெளிந்துவிடும்’ என்று காத்திருப்பதில் பயனில்லை.

இதற்கு மாற்று நம் ஊரில் வெகு காலமாகத் தெரிந்ததுதான். கலங்கிய ஆற்று நீரை ஊற்றுவதற்கு முன் மண்பானையின் உட்புறத்தில் தேற்றான் கொட்டையை உரைப்பார்கள். கலித்தொகைக் காலத்திலேயே இந்த வழக்கம் இருந்திருக்கிறது. முருங்கை விதையும் இந்த வேலையைச் செய்யும். அதிலுள்ள ஒரு புரதம் நேர்மின்னேற்றம் கொண்டது, எதிர்மின்னேற்றமுள்ள மண் துகள்களைப் பற்றித் திரட்டுகிறது. கட்டிப் படிகாரத்தைக் கயிற்றில் கட்டிக் குடத்து நீரில் நாலு சுற்றுச் சுற்றி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விதைகளை நீச்சல் குளத்துக்குக் கொண்டுபோக முடியாது. அவற்றிலிருந்து கரையும் கரிமப் பொருள் குளோரினைத் தின்றுவிடும். படிகாரக் குடும்பம்தான் குளத்துக்கு ஏற்றது. கடையில் ஆலம் என்று கேட்டால் கிடைக்கும் அலுமினியம் சல்ஃபேட், அல்லது பிஏசி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பாலி அலுமினியம் குளோரைடு.

இவை இரண்டு விதமாக வேலை செய்கின்றன. அலுமினியம் அயனி மூன்று நேர்மின்னேற்றம் கொண்டது. மின்விலக்கத்தைத் தணிப்பதில், ஒற்றை மின்னேற்றமுள்ள சோடியத்தைவிட மும்மடங்கு மின்னேற்றமுள்ள அயனி நூற்றுக்கணக்கான மடங்கு வீரியமானது. (ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் வண்டல் திரண்டு படிவதற்கு, கடல் உப்பு இதே மின்விலக்கத்தைத் தணிப்பதும் ஒரு காரணம்.) இரண்டாவதாக, அலுமினியம் நீரோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வழவழப்பான வெண்கூழாகிறது. இந்தக் கூழ் மெதுவாக இறங்கும்போது வழியில் இருக்கும் துகள்களையெல்லாம் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது.

குளம் மோசமாகக் கலங்கியிருந்தால் செய்யும் முறை இது. முதலில் நீரின் பிஎச் அளவைப் பார்த்து 7.2-க்கும் 7.6-க்கும் நடுவே கொண்டுவர வேண்டும். 8-ஐத் தாண்டினால் அலுமினியத்தில் ஒரு பகுதி கூழாகாமல் கரைந்தே நிற்கும். படிகாரம் தானும் பிஎச்சைக் கீழே இழுப்பதால், நீரின் காரத்தன்மையையும் சோதித்துக்கொள்வது நல்லது. ஆலத்தைப் பக்கெட் நீரில் முழுதாகக் கரைத்துக் குளத்தைச் சுற்றி ஊற்றிவிட்டு, மல்டிபோர்ட் வால்வை ‘ரீசர்குலேட்’டில் வைக்க வேண்டும். அப்போதுதான் நீர் ஃபில்டரைத் தொடாமல் சுழலும். ஓரிரு மணி நேரத்தில் கலந்ததும் பம்ப்பை நிறுத்திவிட வேண்டும். இரவு முழுதும் யாரும் இறங்கக் கூடாது, நீர் அசையக் கூடாது. விடிந்ததும் பார்த்தால் மேலே நீர் தெளிந்திருக்கும், தரையில் சாம்பல் நிறத்தில் மெத்தென்று ஒரு படிவு கிடக்கும். மிக மெதுவாக, தரையை அதிர விடாமல் வேக்யூம் தலையை நகர்த்தி, வால்வை ‘வேஸ்ட்’டில் வைத்து அதை நேராக வெளியேற்றிவிட வேண்டும். பலர் இந்தக் கடைசிக் கட்டத்தில் ‘ஃபில்டர்’ நிலையிலேயே உறிஞ்சிவிடுகிறார்கள். கூழ் மணலை அடைத்துக்கொள்ளும், அல்லது உடைந்து குளத்துக்கே திரும்பும். இரவு முழுதும் காத்திருந்தது வீண். ஒரு சாண் நீர் வீணாகிறதே என்ற கவலை நியாயமானது. ஆனால் அந்தச் சிக்கனத்தால் இன்னொரு முறை மருந்தும் இன்னொரு இரவும் செலவாகும்.

நன்றாக நடத்தப்படும் பொதுக் குளங்களில் கலங்கும்வரை காத்திருப்பதில்லை. ஃபில்டருக்குச் சற்று முன்பாக, குழாயில் பிஏசியை மிகச் சிறிய அளவில் சொட்டுச் சொட்டாக இடைவிடாமல் செலுத்துகிறார்கள். ஒரு கன மீட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே போதும். துகள்களின் மின்னேற்றம் தணிந்து, மணலைத் தொட்டதும் ஒட்டிக்கொள்கின்றன. 5 மைக்ரான் துகளைப் பிடிக்கும் அந்தப் பக்குவம் இதுதான். மருந்தைக் கூட்டினால் இன்னும் நன்றாகும் என்று நினைக்கக் கூடாது. அளவு மிஞ்சினால் துகள்கள் எதிர்மின்னேற்றத்திலிருந்து நேர்மின்னேற்றத்துக்கு மாறி, மறுபடி ஒன்றையொன்று தள்ள ஆரம்பித்துவிடும்.

மருந்து இருந்தாலும், நீரின் வேகம் அதிகமானால் ஒட்டியது பெயர்ந்துவிடும். இங்கேதான் கட்டுபவர்கள் பணத்தை மிச்சப்படுத்துகிறார்கள். 25 மீட்டர் நீளம், பன்னிரண்டரை மீட்டர் அகலம், சராசரி 1.4 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் ஏறத்தாழ 4 லட்சத்து 37 ஆயிரம் லிட்டர் நீர் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்றால் மணிக்கு 109 கன மீட்டர் நீர் மணலைக் கடக்க வேண்டும். நுண்துகளைப் பிடிக்க, மணலினூடே நீரின் வேகம் மணிக்கு 25 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கு 1.2 மீட்டர் விட்டமுள்ள ஃபில்டர் தொட்டிகள் நான்கு வேண்டும். இரண்டே தொட்டிகளை வைத்தால் வேகம் 48 மீட்டராகிவிடும். நீர் சுழலும், மோட்டார் ஓடும், பார்ப்பவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது. நுண்தூசு மட்டும் மணலைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். நீச்சல் குளத்தோடு வீடு விற்கும் விளம்பரங்களில் குளத்தின் நீள அகலம் இருக்கும். அதன் ஃபில்டர் பரப்பு எவ்வளவு என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

‘ஒரு சுற்று’ என்ற சொல்லும் ஏமாற்றக்கூடியது. குளத்தின் கொள்ளளவுக்குச் சமமான நீர் ஃபில்டரைக் கடந்துவிட்டால் எல்லா நீரும் வடிகட்டப்பட்டுவிட்டது என்று தோன்றும். ஆனால் வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு கலந்துதானே மறுபடி ஃபில்டருக்கு வருகிறது? முதல் சுற்றில் 63 சதவீத நீரே ஃபில்டரைக் கண்டிருக்கும். இரண்டாம் சுற்று முடிவில் 86, மூன்றாவதில் 95, நான்காவதில் 98. 1926-இல் கேஜ், பிட்வெல் என்ற இருவர் இதைக் கணக்கிட்டார்கள். மின்கட்டணத்துக்குப் பயந்து நாளுக்கு நான்கு மணி நேரம் மட்டும் மோட்டாரைப் போடும் குளத்தில், மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நீர் அன்றைக்கு ஃபில்டர் பக்கமே போகவில்லை என்று அர்த்தம்.

பேக்வாஷ் பற்றியும் சொல்ல வேண்டும். நீரைக் கீழிருந்து மேலாகத் தள்ளி மணலைக் கிளறிக் கழுவுவது பேக்வாஷ். கழுவியதும் ஃபில்டர் மிகச் சிறப்பாக வடிகட்டும் என்றே எல்லோரும் எண்ணுவார்கள். உண்மையில் கழுவிய கையோடு அது சற்று மோசமாகவே வடிகட்டும். மணலில் ஏற்கெனவே ஒட்டிய அழுக்கு, அடுத்து வரும் அழுக்கைப் பிடிக்கும் பரப்பாகிறது; இடுக்குகளையும் குறுக்குகிறது. அதனால்தான் தினமும் பேக்வாஷ் செய்யும் குளம் தெளிவதே இல்லை. பிரஷர் கேஜில், சுத்தமான மணலுக்குரிய அளவைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறிய பிறகு கழுவினால் போதும். ஆள் நடமாட்டம் மிகுந்த பொதுக் குளங்களில் அழுத்தம் ஏறாவிட்டாலும் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், ஏனெனில் மணலில் தங்கும் வியர்வையும் தோலும் குளோரினைக் கெடுக்கும். கழுவி முடிந்ததும் வால்வை ‘ரின்ஸ்’ நிலையில் வைத்து, முதலில் வரும் கலங்கல் நீரை வெளியே விட வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்ப்பதுதான், பேக்வாஷுக்குப் பின் குளத்தில் பழுப்பு வந்து விழுவதற்குப் பல இடங்களில் காரணம்.

அழுக்கேறிய மணலின் இந்தத் திறனை ஒரு நகரமே உயிர் தப்பி நிரூபித்திருக்கிறது. 1892-இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் காலரா பரவி 8,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பக்கத்திலேயே ஒட்டியிருந்த ஆல்டோனா நகரம், ஹாம்பர்கின் சாக்கடையும் கலந்த பிறகு கீழே ஓடிவரும் எல்பே ஆற்று நீரைத்தான் எடுத்தது. அங்கே நோய் மிகக் குறைவு. ஆல்டோனாவில் மணல் வடிகட்டி இருந்தது, ஹாம்பர்கில் இல்லை. கிருமியியல் அறிஞர் ராபர்ட் காக் இதை நேரில் ஆராய்ந்து எழுதினார். நீர் மிக மெதுவாக இறங்கிய அந்த மணலின் மேல் படர்ந்திருந்த உயிர்ப்படலம், மணல் இடுக்கைவிடப் பலமடங்கு சிறிய காலராக் கிருமியைத் தடுத்தது. நீச்சல் குளத்தில் அப்படிப் படலம் வளர விட முடியாது. நீரின் வேகமும் வேறு. மணல் சல்லடையாக இருந்திருந்தால் ஆல்டோனாவும் தப்பியிருக்காது என்பதே இதில் நமக்கு முக்கியம்.

நம் ஊர்க் குளங்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. போர்வெல் நீரிலோ டேங்கர் நீரிலோ கரைந்திருக்கும் இரும்பு கண்ணுக்குத் தெரியாது. குளத்தை நிரப்பிக் குளோரின் போட்டதும் அது துருவாகி, நீர் முழுதும் செம்பழுப்பாகிவிடும். இந்தத் துருத்துகள்கள் மிக நுண்ணியவை, வெறும் மணலுக்குச் சிக்காதவை. குளோரினை மேலும் மேலும் கொட்டுவது உதவாது. முன்சொன்னபடி படிகாரத்தால் திரட்டி வெளியேற்றுவதே வழி. கடின நீராக இருந்தால் சுண்ணாம்பு ஏறி மணல் கட்டி தட்டும். கட்டிகளைச் சுற்றி நீர் தனக்கென வழி பண்ணிக்கொண்டு வடிகட்டாமலே ஓடும். ஆகவே 5 முதல் 7 ஆண்டுகளுக்கு ஒருமுறை மணலை மாற்றிவிட வேண்டும்.

மணலைத் தவிர வேறு ஃபில்டர்களும் இருக்கின்றன. மடிப்புத் துணி கார்ட்ரிட்ஜ் 10 முதல் 20 மைக்ரான் வரை பிடிக்கும்; சிறிய குளங்களுக்குச் சரி. டயட்டம் என்ற நுண்பாசிகளின் தொல்லுயிர் ஓடுகளாலான டயட்டமேசியஸ் மண், 2 முதல் 5 மைக்ரான் வரை பிடிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது, குளோரினுக்கு மசியாத அமீபா சீதபேதிக் கிருமியைக் குடிநீரிலிருந்து நீக்க அமெரிக்க ராணுவம் இந்த வகை ஃபில்டரை உருவாக்கியது. அந்தப் பொடியைக் கையாளும்போது முகக்கவசம் கட்டாயம். அதிலுள்ள சிலிக்கா தூசு நுரையீரலுக்குக் கேடு.

குளோரின் போதுமான அளவு போட்டிருக்கிறோமே, கொஞ்சம் தூசு இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு பதில்கள் இருக்கின்றன. முதலாவது, கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்கு ஒட்டுண்ணி. ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் உள்ள நீரில் ஈ. கோலை பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் அழிந்துவிடும். ஜியார்டியாவுக்கு 45 நிமிடம். கிரிப்டோஸ்போரிடியம் பத்து நாளைக்கு மேல் தாக்குப்பிடிக்கும். பத்துக் கிருமிகளை விழுங்கினாலே நோய் வரக்கூடும். அதன் அளவு 4 முதல் 6 மைக்ரான். அதாவது மருந்து செலுத்தி மெதுவாக ஓடும் மணலில் சிக்கும், மற்றதில் சிக்காது. 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரக் குடிநீரில் இது நடந்தது. துகள்களைத் திரட்டும் மருந்தின் அளவு சரியாக அமையாமல், ஒரு சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவந்த நீரின் கலங்கல் ஏறியது. குளோரின் இருந்தும், சுமார் 4 லட்சத்து 3 ஆயிரம் பேர் நோய்வாய்ப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

இரண்டாவது, கண்பார்வை. 2011 ஜூனில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஃபால் ரிவர் என்ற ஊரின் பொதுக் குளத்தில் ஒரு பெண் மூழ்கி இறந்தார். உயிர்காப்பாளர்கள் இருந்தார்கள், மக்கள் வந்து நீந்திக்கொண்டும் இருந்தார்கள். நீர் அவ்வளவு மங்கலாக இருந்ததால், அடியில் கிடந்த உடலை இரண்டு நாள் யாரும் பார்க்கவில்லை. இதைப் படித்த பிறகு, கலங்கலை அழகுக் குறைபாடாக மட்டும் எண்ண எனக்கு மனம் வரவில்லை. மூழ்கும் குழந்தையைக் காப்பாற்றக் கிடைப்பது சில நிமிடங்கள்தாம். அதற்கு முதலில் குழந்தை கண்ணில் பட வேண்டும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஆகஸ்ட் 9 அன்று பச்சையாக மாறியதைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. சில நாள் முன்பு தவறுதலாக ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டியதில் குளோரின் செயலிழந்திருந்தது. நீருக்கடியில் ஒருவரையொருவர் பார்த்தாக வேண்டிய ஒத்திசை நீச்சல் போட்டி நெருங்கியபோது, அது நடக்கவிருந்த, இதேபோல் பச்சையாகிவிட்ட பக்கத்துக் குளத்தை வடிகட்டித் தெளியவைக்க நேரமில்லை. அதிலிருந்த சுமார் 37 லட்சம் லிட்டர் நீரை வெளியேற்றிவிட்டு, பயிற்சிக் குளத்து நீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். அப்படி மாற்றி ஊற்ற இன்னொரு குளம் நம் அடுக்ககத்தில் இருக்காது.

ஆகவே, அடுத்த முறை பிள்ளைகளை நீச்சலுக்கு அழைத்துப் போகும்போது, ஆழமான பக்கத்துக் கரையில் நின்று குளத்தின் அடியைப் பாருங்கள். அங்கே ஒரு வடிகால் மூடி இருக்கும். அதன் துளைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்று யாரையும் இறங்க விடாதீர்கள். மோட்டார் நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பேக்வாஷ் எப்போது செய்தார்கள், மணல் போட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பராமரிப்பவரிடம் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்திருந்தால், அது நின்று இரண்டு வாரம் ஆகும்வரை குளத்தில் இறக்காதீர்கள்.